உலாவி ஊர்கிறது, பழி யாருக்கு?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் இந்தப் பழமொழியில், இன்று கூடத்தின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. இணையப் பக்கம் திறக்கச் சற்றுத் தாமதமானால் போதும். "கணினி பழசாகிவிட்டது", "வைரஸ் புகுந்துவிட்டது", "லைன் சரியில்லை" என்று மூன்று தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்துவிடும். விசாரணை இல்லாத தீர்ப்பு! தண்டனையும் தயாராக இருக்கும். ஒன்று, கணினியை மாற்று. இல்லாவிட்டால் பேசாமல் பொறுத்துக்கொள்.

பழமொழி ஆடத் தெரியாதவளைக் கேலி செய்கிறது. அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் யார் என்று அது கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்க விரும்புகிறது. வீட்டுக் கணினியில் உலாவி மெதுவாக இயங்குவதற்குக் காரணம் உண்டு. முறையாகத் தேடினால் அந்தக் காரணம் அகப்படும். பல வேளைகளில் காசு செலவில்லாமலே தீரும். அந்த முறை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் இருப்பதற்கு, தெரிந்தவர்களாகிய நாம் அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்காததே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

இது சின்ன விஷயமா?

"உலாவி மெதுவாகப் போவதற்கெல்லாம் ஆண்டிதழில் ஒரு கட்டுரையா?" என்று சில நண்பர்கள் சிரிக்கலாம். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததே உலாவி வழியாகத்தான். யூபியூ விண்ணப்பம், பிடிபிடிஎன் கடன், உபகாரச் சம்பளம், விடுதிப் பதிவு என எல்லாமே இயங்கலையில் நடந்தன. நம் பெற்றோருக்கும் அதே நிலைதான். ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பது, வருமான வரிப் படிவம் நிரப்புவது, அரசாங்க உதவிக்கு விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது ஆகிய அனைத்துக்கும் உலாவியே வாசல். வாசற்கதவு இறுகிக்கொண்டால் வீட்டுக்காரருக்கே வீடு அந்நியமாகிவிடும்.

2020 மார்ச் 18 அன்று நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் நான்காம் படிவ மாணவர். வீட்டில் நாங்கள் மூவர், கணினி ஒன்று. இல்லிருப்புக் கற்றலுக்காக அந்த ஒரு கணினி காலை முதல் இரவு வரை உழைத்தது. ஆசிரியர் அனுப்பிய பயிற்சிப் பக்கம் திறப்பதற்குள் தம்பியின் வகுப்பு தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையன்று இது. அந்த ஆண்டு பள்ளியில் படித்த எவரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார். மெதுவான உலாவி ஒரு மாணவரின் நேரத்தைத் தின்கிறது. நேரத்தோடு அவருடைய ஆர்வத்தையும் சேர்த்தே தின்கிறது. ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இடம் அறிவோம்

குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் நாம் வீட்டை மாற்றுவதில்லை. பக்கத்து வீட்டில் எப்படி வருகிறது என்று கேட்கிறோம். மேலே தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு வடிகட்டியைக் கழற்றிக் கழுவுகிறோம். உலாவிக்கும் இதே வரிசைதான். தாமதம் நான்கு இடங்களில் ஒன்றில் ஒளிந்திருக்கும். அவை இணைய இணைப்பு, நாம் திறக்கும் பக்கம், உலாவி, கணினி என்பன. எந்த இடம் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் இருட்டில் ஊசி தேடிய கதையாகிவிடும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. இன்ன பிணி என்று தெரிந்துகொள். அது எதனால் வந்தது என்று பார். தீர்க்கும் வழியைக் கண்டுகொள். அதன்பிறகே கை வை என்கிறது. ஆரம்பப் பள்ளியிலேயே மனனம் செய்த பாடம் இது. தேர்வில் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். கணினி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டோம்.

இனி அந்த வரிசையைப் பார்ப்போம்.

முதல் சோதனைக்குக் கணினியே தேவையில்லை. வீட்டு அருகலையில் இணைந்திருக்கும் திறன்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் மெதுவாகத் திறந்தால், கணினி மீது பழி போடுவது அநியாயம். குறை இணைப்பில் இருக்கலாம். அல்லது அந்தத் தளமே அந்நேரம் திணறிக்கொண்டிருக்கலாம். வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்த்தால் அதுவும் தெளிவாகிவிடும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எல்லாரும் ஒரே பக்கத்தை முட்டி மோதித் திறக்கும்போது, புத்தம் புதிய கணினியாலும் ஒன்றும் செய்ய முடியாது. காத்திருப்பதே அதற்கு மருந்து.

இணைப்பில்தான் குறை என்றால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் முன் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். கணினியோ கடைசி அறையில் இருக்கும். நடுவில் இரண்டு செங்கல் சுவர். பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 தூரம் போகும். ஆனால் நெரிசல் அதிகம், அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் நுண்ணலை அடுப்பும்கூட அதில் குறுக்கிடும். 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அருகில் இருந்தால் 5, தொலைவில் இருந்தால் 2.4 என்று மாற்றிப் பார்க்கலாம். ரவுட்டரை நான்கடி நகர்த்தி உயரத்தில் வைப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

உலாவிக்குள் எட்டிப் பார்ப்போம்

திறன்பேசியில் விரைவாகத் திறக்கும் பக்கம் கணினியில் ஊர்ந்தால், அடுத்து உலாவியை விசாரிக்க வேண்டும். குரோம் உலாவியில் மறைநிலைச் சாளரம் என்று ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இரகசியமாக எதையோ பார்ப்பதற்கான சாளரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்கு வேறொரு பயனும் உண்டு. நாமாக அனுமதி கொடுத்தாலன்றி நீட்டிப்புகள் அதில் இயங்குவதில்லை. ஆகவே சாதாரணச் சாளரத்தில் ஊரும் பக்கம் மறைநிலைச் சாளரத்தில் ஓடினால், நீட்டிப்புகளில் ஒன்றின் மேல் சந்தேகம் வலுக்கும்.

நீட்டிப்பு என்பது உலாவியோடு நாம் ஒட்டவைக்கும் சிறு செயலி. பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், தள்ளுபடி தேடித் தருகிறேன், பின்னணிப் படம் மாற்றுகிறேன் என்று சொல்லி உள்ளே வரும். விருந்தாளியாக வந்து வீட்டோடு தங்கிவிடும். திறக்கும் பக்கங்களை எல்லாம் படிக்கும் உரிமையோடு உட்கார்ந்திருக்கும் நீட்டிப்புகளும் உண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

குரோமில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஷிஃப்ட் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் உலாவியின் சொந்தப் பணி மேலாளர் திறக்கும். எந்தத் தாவல் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது, எந்த நீட்டிப்பு செயலியை எவ்வளவு வேலை வாங்குகிறது என்று வரிசையாகக் காட்டும். 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோதே தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிக்கும் அமைப்போடுதான் வந்தது. ஒரு தாவல் விழுந்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் நன்மை. தாவல்கள் கூடக்கூட நினைவகம் கரையும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. முப்பது தாவல்களைத் திறந்து வைத்துவிட்டு "மெதுவாகப் போகிறது" என்று சொல்வது, முப்பது பேரை ஏற்றிய வேன் மேட்டில் திணறுகிறது என்று குறைப்படுவதற்குச் சமம். பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைக்கும் நினைவகச் சேமிப்பு வசதி 2022 டிசம்பரில் குரோமுக்கு வந்தது. அமைப்புகளில் செயல்திறன் பகுதியில் அது இருக்கிறது.

கணினியின் வயிற்றுக்குள்

உலாவியிலும் குறை இல்லை என்றால் கணினியைப் பார்ப்போம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் பணி மேலாளர் வரும். அதில் மூன்று நிரல்களைப் பார்த்தால் போதும். அவை செயலி, நினைவகம், வட்டு ஆகியன. எது எப்போதும் நூற்றை ஒட்டி நிற்கிறதோ, நோய் அங்கே இருக்கிறது.

நினைவகம் நாம் வேலை செய்யும் மேசையைப் போன்றது. வட்டு, சுவரோரம் நிற்கும் அலமாரி. மேசையில் இடம் இருக்கும் வரை வேலை ஓடும். இடம் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் அலமாரிக்கு நடந்து போய் வர வேண்டும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் விண்டோஸே மேசையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மீதியில் உலாவி உட்கார வேண்டும். அலமாரி பழைய வகை வன்தட்டாக இருந்தால் தாமதம் இன்னும் கூடும். ஏனெனில் அதில் தட்டு சுழல வேண்டும், முள் நகர வேண்டும், பிறகே தரவு கிடைக்கும். எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. பழைய கணினி ஒன்றில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் அது மறுபிறவி எடுத்ததுபோல் நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

பலரும் அறியாத செய்தி ஒன்று. ஒவ்வோர் இரவும் கணினியை ஒழுங்காக மூடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் மூடும்போது அமைப்பின் ஒரு பகுதி உறக்கத்தில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. பணி மேலாளரில் செயலியின் பக்கத்தைத் திறந்தால் கணினி இயங்கிவரும் நேரம் தெரியும். தினமும் மூடிய கணினி இருபது நாள்களாக இயங்குகிறது என்று அங்கே எழுதியிருக்கக் காணலாம்! மூடித் திறப்பது வேறு. மறுதொடக்கம் செய்வது வேறு. வாரத்திற்கொரு முறை மறுதொடக்கம் என்பதைச் சொடுக்கினால் கணினி உண்மையாகவே புதிதாக எழும்.

நம் நாட்டு வெயிலையும் மறக்கக்கூடாது. மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத் துளைகள் அடைபடும். விசிறியில் தூசி அடைந்தாலும் அதே கதி. சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, தற்காப்பு. கடினமான மேசைமேல் வைத்து, தூசியை அகற்றினால் போதும்.

வேண்டாத வைத்தியங்கள்

சரியான வைத்தியம் தெரியாத இடத்தில் கைவைத்தியம் பெருகும். "கேஷை அழி" என்பது முதல் கைவைத்தியம். ஒருமுறை திறந்த பக்கத்தின் படங்களையும் கோப்புகளையும் உலாவி சேமித்து வைப்பதே அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகத்தான். கோப்பு பழுதாகிப் பக்கம் கோணலாகத் தெரிந்தால் அழிக்கலாம். தினமும் அழித்தால், தினமும் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். உலாவி இன்னும் மெதுவாகும். அழிக்கும்போது கடவுச்சொல் கட்டத்தையும் சேர்த்துச் சொடுக்கிவிட்டுத் திண்டாடுவோரும் உண்டு.

இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு மூன்று வைரஸ் தடுப்புச் செயலிகளை இயக்குவது. ஒரு வீட்டுக்கு மூன்று காவலர் இருந்தால் திருடனைவிட அவர்களே ஒருவரையொருவர் அதிகம் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது கொடியது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் சிவப்பாக ஒன்று குதிக்கும். சாதாரண இணையப் பக்கம் ஒன்றால் நம் கணினி முழுவதையும் துருவி வைரஸ் எண்ண முடியாது. அது வெறும் படம். எப்போதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும். வீட்டில் யாராவது அவசரத்தில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். உலாவியின் தள அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீக்கினால் படம் ஒழிந்தது. இதை அறியாதவர் அந்த எண்ணை அழைக்கிறார். மறுமுனையில் இனிமையாகப் பேசுகிறவர் கணினிக்குள் நுழைந்து வங்கிக் கணக்கு வரை போய்விடுவார். கணினி மெதுவாகப் போகிறதே என்ற கவலையைத்தான் அந்தக் கும்பல் முதலீடாக வைத்திருக்கிறது. பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். இந்த எண் நம் பெற்றோரின் திறன்பேசியில் இருக்கிறதா?

மாமா சொன்ன உவமை

சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் தாய்மாமா முப்பது ஆண்டுகளாக லோரி ஓட்டுபவர். எஸ்டிபிஎம் முடித்த மகளின் யூபியூ விண்ணப்பத்திற்காக வீட்டுக் கணினியைத் திறந்தால் பக்கம் நகரவில்லை. கடையில் காட்டினார். "பழைய மாடல், செலவு செய்து பயனில்லை, புதிது வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா சேமிப்பை எடுக்கத் தயாராகிவிட்டார். அந்த வாரக் கடைசியில் நான் அங்குப் போயிருந்தேன்.

மேலே சொன்ன வரிசையில்தான் பார்த்தோம். திறன்பேசியில் பக்கம் உடனே திறந்தது, இணைப்பில் குறையில்லை. மறைநிலைச் சாளரத்தில் கொஞ்சம் வேகம் கூடியது. நீட்டிப்புகளை எண்ணினால் ஒன்பது! யாருக்கும் எதற்கென்றே தெரியவில்லை. அவற்றை நீக்கிவிட்டுப் பணி மேலாளரைத் திறந்தோம். வட்டு நிரல் நூறில் நின்றது. பழைய வன்தட்டு. எல்லாவற்றையும் மாமாதான் செய்தார். சுட்டி அவர் கையில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"ஏம்மா, வாங்குனப்ப நல்லாத்தானே ஓடிச்சு? இப்ப மட்டும் ஏன் இழுக்குது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற திட்டம் 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இணையப் பக்கங்களின் எடையைப் பதிவு செய்து வருகிறது. அது தொடங்கிய காலத்தில் ஒரு சராசரிப் பக்கத்தின் எடை 1 மெகாபைட்டுக்கும் குறைவு. 2020களில் அது 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. படமும் காணொளியும் விளம்பரமும் பின்னணியில் ஓடும் நிரல்களும் அப்படிக் குவிந்துவிட்டன. இதை மாமாவிடம் தமிழில் சொன்னேன். ஒரு கணம் யோசித்தார்.

"அப்ப லோரி அதே லோரிதான். லோடுதான் ரெண்டு மடங்கு ஏத்தியிருக்கானுங்க. இஞ்சினைக் குறை சொல்லி என்ன பண்றது?" என்றார்.

எந்தப் பாடநூலிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. எஸ்எஸ்டி மாற்றுவதற்கு இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. விண்ணப்பம் அந்தக் கணினியிலேயே போனது. ஒரு மாதம் கழித்து மாமா அழைத்தார். "மறுபடி இழுத்துச்சும்மா. நானே பார்த்தேன். புதுசா ஒரு எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருந்துச்சு, தூக்கிட்டேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கு இருநூறு வெள்ளியில் வாங்கக்கூடியது அன்று.

மொழி எங்கே தடுக்கிறது?

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர். அங்குதான் உலாவியைப் 'பெலாயார்' என்று படித்தேன். மலாயில் 'லாயார்' என்றால் பாய்மரத்தின் பாய். இணையத்தில் பாய் விரித்துச் செல்வது பெலாயார். தமிழில் உலாவுவது உலாவி. இரண்டுமே அழகான சொற்கள். ஆனால் பல்கலைக்கழகம் வந்ததும் இரண்டும் போய் ஆங்கிலம் மட்டும் நிற்கிறது. கணினியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலத்தில் தெரிகிறது. வீட்டிலோ பெற்றோரிடம் தமிழில் பேசுகிறோம். இந்த இடைவெளியில்தான் விளக்கம் விழுந்து தொலைகிறது. "உங்களுக்குப் புரியாதும்மா, நகருங்க, நான் பண்றேன்" என்று பிள்ளைகள் சொல்லும் வீடுகள் எத்தனை!

இத்தனைக்கும் கணினித் தமிழில் நம் வட்டாரத்திற்கு ஒரு பாரம்பரியம் உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. திரையில் தமிழ் தெரிவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் முன்னோடிகள் பாதை வெட்டினார்கள். இன்று குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றின் பட்டியல்களையே தமிழில் மாற்றிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கணினிகளில் எத்தனையில் மாற்றியிருக்கிறோம்?

தனித்தமிழில்தான் பேச வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மாமா எக்ஸ்டென்ஷன் என்றே சொல்கிறார், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நீட்டிப்பு என்று சொன்னாலும் எக்ஸ்டென்ஷன் என்று சொன்னாலும், அது என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் காரணம் தாய்மொழியில் விளங்கினால்தான் அது அறிவாகத் தங்கும்.

எதிர்வாதங்கள்

"இவ்வளவு மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்குவது எளிது" என்று கேட்கலாம். வசதி உள்ளவருக்கு எளிதுதான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் குடும்பத்திற்கு அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதாகிவிடும். அதே பழக்கங்களோடு புதுக் கணினிக்குப் போனால், ஒன்பது நீட்டிப்புகளும் கணக்கோடு சேர்ந்து அங்கும் வந்து இறங்கும்.

"திறன்பேசி இருக்கும்போது கணினி எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. செய்தி பார்க்கலாம், கட்டணம் கட்டலாம். பத்துப் பக்க விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களைப் பதிவேற்றி, இடுபணி எழுதிப் பார்த்தவர்களுக்குக் கணினியின் அருமை தெரியும்.

"கணினியை மாற்றவே வேண்டாமா?" என்றால், மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவைக் குரோம் 2023 பிப்ரவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத கதவுக்குப் பின்னால் நகையை வைப்பது போன்றது. அப்போது வேகம் இருந்தாலும் மேம்படுத்தத்தான் வேண்டும். இயலாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதுவும் காரணம் அறிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். கடைக்காரர் சொன்னார் என்பது காரணம் ஆகாது.

நாம் செய்யக்கூடியது

தமிழ் மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் நாடகம், பட்டிமன்றம், கவியரங்கம் நடத்துகின்றன. அவை தொடரட்டும். அவற்றோடு ஆண்டுக்கொரு சனிக்கிழமையைக் கணினிக்காக ஒதுக்கலாம். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலோ தாமான் மண்டபத்திலோ பெற்றோரை மடிக்கணினியோடு வரச் சொல்லுவோம். இந்தக் கட்டுரையில் சொன்ன சோதனைகளை ஒரே தாளில் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுப்போம். அன்றைக்கு ஒரே ஒரு விதி போதும். சுட்டி பெற்றோர் கையில்தான் இருக்க வேண்டும், மாணவர் தொடக்கூடாது. நாமே சரிசெய்து கொடுத்தால் ஒரு நாள் உதவி. அவர்களைச் செய்ய வைத்தால் அடுத்த முறை நம்மைத் தேட வேண்டியதில்லை.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அம்மா அல்லது அப்பா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எழுத்தறியும் முன்பே நம் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தவர்கள் அவர்கள். எத்தனை முறை கோணலாக எழுதினோம்? ஒருமுறையாவது அரிசியைக் குறை சொன்னார்களா?

உலாவி ஊர்வதற்குக் காரணங்கள் பல. அவற்றைத் தேடிப் பிடிக்கலாம். தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பதற்கு மட்டும் என்ன காரணம் சொல்லப் போகிறோம்? சிந்திப்போம், நண்பர்களே!